நூலகர் ஏன் தாமதிக்கிறார்? – ஒரு சின்ன வரலாறும் ஒரு பெரிய தவறும்

பதிவு கொஞ்சம் நீளம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் வியாழக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு போன் வந்தது. என்னிடம் பிளஸ் டூவில் வரலாறு படித்த மாணவி. இப்போது ஒரு கல்லூரியில் நூலகர். பதினாறு வருட அனுபவம். பெயர் வேண்டாம், அவளுடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

“சார், வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்” என்றாள்.

வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டேன். இல்லையாம்.

“புது சாஃப்ட்வேர் போட்டு ஆறு மாசம் ஆச்சு சார். ஒரு நாளைக்கு எத்தனை புத்தகம் ஏத்தினேன்னு சாயங்காலம் கணக்குக் கேக்கறாங்க. கூட இருக்கற சின்னப் பொண்ணு சட்டுசட்டுனு பண்ணிடறா. எனக்குக் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தாலே படபடப்பா வருது. மூளை மழுங்கிடுச்சோன்னு பயமா இருக்கு.”

வகுப்பில் பானிபட் போர்களின் ஆண்டுகளை மூச்சு விடாமல் ஒப்பித்த பெண் இவள். இவளுக்கா மூளை மழுங்கும்? அவசரப்பட்டு ராஜினாமா கடிதம் கொடுக்காதே என்று மட்டும் சொல்லி போனை வைத்தேன். அதன் பிறகு தூக்கம் வரவில்லை. நூலகப் பணியாளர் விஷயத்தில் நான் செய்த தவறு ஒன்று பன்னிரண்டு வருடத்துக்கு மேலாக மனதில் கிடக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வரலாற்று வாத்தியாருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், பின்னால் போய்ப் பார்ப்பது. மறுநாள் காலையில் அதைத்தான் செய்தேன்.

அழகான கையெழுத்தின் கதை

நூல்களை எண்களால் வகைப்படுத்தும் தசமப் பகுப்பு முறையை 1876இல் வெளியிட்டவர் அமெரிக்கரான மெல்வில் டூயி. 1887இல் நியூயார்க்கில் உள்ள கொலம்பியா கல்லூரியில் நூலகர்களுக்கான பள்ளியைத் தொடங்கியவரும் அவர்தான். அந்தக் காலத்தில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் சிறிய அட்டைகள் எழுத வேண்டும். ஆசிரியர் பெயருக்கு ஓர் அட்டை, தலைப்புக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று. நம்மில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நீளமான மர இழுப்பறைகளில் அவற்றைத் தள்ளித் தள்ளித் தேடியிருப்போம்.

யார் எழுதினாலும் எல்லோரும் படிக்க வேண்டும் என்பதற்காக நூலகப் பணியாளர்களுக்கென்றே ஒரு கையெழுத்துப் பாணி உருவாக்கப்பட்டது. ‘நூலகக் கையெழுத்து’ என்றே அதற்குப் பெயர். எழுத்தின் வட்டம், சாய்வு, உயரம் எல்லாவற்றுக்கும் பயிற்சி உண்டு.

பிறகு தட்டச்சு இயந்திரம் வந்தது. மாதக்கணக்கில் பழகிய கையெழுத்துக்கு மதிப்புக் குறைந்தது. அதற்குள் 1901இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அச்சிட்ட அட்டைகளையே மற்ற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கியது. ஒருவர் தலைமுறை தலைமுறையாகக் கைவேலை என்று நம்பியது, ஒரு பணிக்காலத்துக்குள் இரண்டு முறை மாறிப்போனது.

ஆகவே என் மாணவிக்கு முதலில் சொல்ல வேண்டியது இது. அம்மா, இந்தப் படபடப்பு உன்னிடம் தொடங்கியதில்லை. உனக்கு நூறு வருடத்துக்கு முன்பே ஒருத்தி தன் அழகான கையெழுத்தை வைத்துக்கொண்டு தட்டச்சு இயந்திரத்தின் முன் திகைத்து உட்கார்ந்திருப்பாள்.

நம்ம ஊர்க் கணக்கு வாத்தியார்

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். அதற்கு முன் மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். சேர்ந்த சில நாளிலேயே சலித்துப்போய், என்னைத் திரும்பக் கல்லூரிக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டாராம். லண்டனுக்குப் போய் நூலகங்கள் வேலை செய்யும் விதத்தைப் பார்த்த பிறகு ஆளே மாறிவிட்டார். திரும்பி வந்து, வாழ்நாள் முழுவதையும் அந்தத் துறைக்கே கொடுத்தார். அவருடைய பிறந்தநாளைத்தான் ஆகஸ்ட் 12 அன்று தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

1931இல் அவர் ஐந்து விதிகளைப் புத்தகமாக எழுதினார். சென்னை நூலகச் சங்கம் அதை வெளியிட்டது. நூல் பயன்படுவதற்கே என்று தொடங்கும் அந்த ஐந்தில் நான்காவது விதி, வாசகரின் நேரம் மிச்சமாக வேண்டும் என்பது. அதை விளக்கும்போது பணியாளரின் நேரத்தையும் சேர்த்தே யோசித்தார். பூட்டிய அலமாரிகளைத் திறந்து வாசகரையே உள்ளே போக விடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். சீட்டு எழுதிக் கொடுத்து, பணியாளர் உள்ளே போய்த் தேடி, அது இல்லை என்று திரும்பி வந்து, மறுபடி சீட்டு எழுதி... இரண்டு பேருக்கும் நேரம் வீண்தானே!

இந்த நான்காவது விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூலகத்துக்குள் எந்தக் கருவி வந்தாலும் அதைச் சோதிக்க இதைவிட நல்ல உரைகல் இல்லை. இந்தக் கருவியால் யாருடைய நேரம் மிச்சமாயிற்று? மிச்சமான நேரம் எங்கே போயிற்று?

கணினி உள்ளே வந்தது

1960களில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஹென்றியட் ஆவ்ரம் என்ற பெண்மணி, பட்டியல் அட்டையில் உள்ள விவரங்களைக் கணினி படிக்கும் வடிவத்துக்கு மாற்றும் முறையை உருவாக்கினார். ‘மார்க்’ என்று நூலகர்கள் சொல்வது அதைத்தான். அவர் நூலகப் படிப்புப் படித்தவர் அல்லர், கணினி நிரலாளர். இன்றைக்கும் என் மாணவி நிரப்பும் கட்டங்கள் அந்த மரபில் வந்தவையே.

1971 ஆகஸ்ட் 26 அன்று ஒஹாயோ பல்கலைக்கழக நூலகத்தில் முதன்முதலாகப் பல நூலகங்களுக்குப் பொதுவான கணினிப் பட்டியலில் நேரடியாகப் பதிவு தொடங்கியது. ஓ.சி.எல்.சி. என்ற கூட்டமைப்பின் வேலை அது. ஒரு நூலகம் ஒரு புத்தகத்தைப் பதிந்தால் போதும், மற்றவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம். ஒரே வேலையை நூறு இடத்தில் செய்ய வேண்டாம். எவ்வளவு நல்ல யோசனை! அந்த அமைப்பு அட்டைகளையும் அச்சிட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. கடைசி அட்டை அச்சானது 2015 அக்டோபர் 1 அன்று. கணினி வந்து 44 வருடம் கழித்து! பழையது போவதற்கும் புதியது வருவதற்கும் நடுவே உள்ள காலம் எவ்வளவு நீளம் பாருங்கள். அந்த நடுக்காலத்தில் இரண்டையும் சுமப்பவர் யார்? பணியாளர்தான்.

1984இல் கிரெய்க் பிராட் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்தச் சுமைக்கு ‘டெக்னோஸ்ட்ரெஸ்’ என்ற பெயரையே புத்தகத் தலைப்பாக வைத்தார். தொழில்நுட்ப அழுத்தம் என்று நாம் சொல்லலாம். அது இரண்டு விதமாக வரும் என்றார். ஒருவர் கணினியைக் கண்டு மிரளுவார். இன்னொருவர் கணினியோடு ஒட்டிக்கொண்டு, மனிதரிடமும் கணினியைப் போலவே நடந்துகொள்ள ஆரம்பிப்பார், பொறுமை போய்விடும். முதல் வகையை மட்டும் நோய் என்று நாம் நினைக்கிறோம். இரண்டாவது வகைக்குப் பதவி உயர்வு கொடுத்துவிடுகிறோம்!

1992இல் ஜான் குப்பர்ஸ்மித் என்ற நூலகர், வாசகர்களின் கேள்விக்குப் பதில் சொல்லும் மேசையில் இருப்பவர்களின் அழுத்தத்தைப் பற்றித் தனியாகவே எழுதினார். அது குறுந்தகடு காலம். ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தேடும் முறை வேறு வேறு. பணியாளர் எல்லாவற்றையும் கற்க வேண்டும், வந்தவர்களுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும், பிரிண்டரில் தாள் சிக்கினால் அதையும் எடுக்க வேண்டும்.

2007இல் மோனிதீபா தாரஃப்தாரும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும், பணியாளர்களை வைத்து இதை அளந்து பார்த்தார்கள். அழுத்தத்தின் ஊற்றுக்கண் ஐந்து என்றார்கள். ஒன்று, கருவியால் வேலை வேகமும் அளவும் கூடுவது. இரண்டு, வேலை வீட்டுக்குள் நுழைவது. மூன்று, புரியாத சிக்கல். நான்கு, தெரிந்தவன் வந்து என் இடத்தைப் பிடித்துவிடுவானோ என்ற பயம். ஐந்து, பழகி முடிப்பதற்குள் அடுத்த மாற்றம். இந்த அழுத்தம் கூடக்கூட வேலைத்திறன் குறைகிறது என்பது அவர்கள் கண்டது. என் மாணவி போனில் சொன்னதை இந்த ஐந்துக்குள் பிரித்துப் போட்டேன். ஒன்றும் மிச்சமில்லை!

தமிழ் படுத்திய பாடு

நம் ஊரில் கூடுதலாக ஒரு சிக்கல் இருந்தது. அதுவும் பணியாளர் தலையில்தான் விடிந்தது.

1980களின் பிற்பகுதியில் யுனெஸ்கோ இலவசமாகக் கொடுத்த சி.டி.எஸ்.-ஐசிஸ் என்ற மென்பொருள் நம் நூலகங்களுக்கு வந்தது. 1991இல் பல்கலைக்கழக மானியக் குழு இன்ஃப்ளிப்நெட் திட்டத்தைத் தொடங்கியது. அதிலிருந்து ‘சோல்’ என்ற மென்பொருள் கல்லூரிகளுக்கு வந்தது. ஆங்கிலப் புத்தகத்துக்குப் பிரச்சினை இல்லை. தமிழ்ப் புத்தகத்தை எப்படிப் பதிவது?

ஒரு வழி, ஆங்கில எழுத்தில் தலைப்பை எழுதுவது. பள்ளியும் பல்லியும் ஒன்றாகிவிடும். ஒளவையாரைத் தேட ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். ஒருவர் பதிந்ததை இன்னொருவர் தேடினால் கிடைக்காது. புத்தகம் அலமாரியில் இருக்கும், கணினி இல்லை என்று சொல்லும். திட்டு வாங்குவது நூலகர்!

இன்னொரு வழி, பாமினி மாதிரி எழுத்துருக்களில் தட்டுவது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியுமாகக் கொட்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி ‘தமிழ்99’ விசைப்பலகை வந்தது, பின்னர் யூனிகோடு பரவியது. நல்லதுதான். ஆனால் முன்பு ஏற்றிய ஆயிரக்கணக்கான தலைப்புகளை மறுபடி ஏற்றியது யார்? அந்தக் கைகளின் கணக்கு எந்த ஆண்டறிக்கையிலும் இல்லை.

என் தவறு

2009இல் நான் பணி ஓய்வு பெற்றேன். 2012இல் நம் ஊர் ஏரியின் வரலாற்றை எழுதலாம் என்று ஆசை வந்தது. ஹெமிங்வே தொகுத்த 1907ஆம் ஆண்டுத் திருச்சிராப்பள்ளி மாவட்ட கெஸட்டியர் தேவைப்பட்டது. ஒரு கல்லூரி நூலகத்துக்குப் போனேன்.

மின்வெட்டுக் காலம் உங்களுக்கு நினைவிருக்கும். சென்னையைத் தவிர மற்ற ஊர்களில் மின்சாரம் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் மனதில் நிற்கிறது. கவுன்ட்டரில் ஐம்பது வயதைக் கடந்த நூலக உதவியாளர் ஒருவர். ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்தார். கரண்ட் போயிற்று. யுபிஎஸ் கீச்சுக்கீச்சென்று கத்தி அடங்கியது. கரண்ட் வந்ததும் மறுபடி முதலிலிருந்து. நடுநடுவே ஒரு பெரிய நோட்டில் வேறு எழுதிக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடம் நின்றேன்.

பிறகு என் வாத்தியார் குரலை எடுத்தேன். “ஒரு புத்தகம் கொடுக்க இவ்வளவு நேரமா? கத்துக்க முடியலைன்னா வேலையை விட்டுட்டுப் போக வேண்டியதுதானே!” சுற்றி மாணவர்கள் நின்றார்கள். அதோடு விடவில்லை. புகார்ப் புத்தகத்தை வாங்கி, அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். நல்ல தமிழில்தான் எழுதினேன், அது இன்னும் கேவலம்.

அடுத்த முறை போனபோது அவர் கவுன்ட்டரில் இல்லை. பழைய இதழ்களைக் கட்டிவைக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். கவுன்ட்டரில் இருந்த இளைஞர்தான் விவரம் சொன்னார். தணிக்கைக்குக் கையால் எழுதிய பதிவேடு வேண்டும். நிர்வாகத்துக்குக் கணினியில் வேண்டும். கணினியை நம்ப முடியாததால் புத்தகத்தின் பின்னட்டைச் சீட்டிலும் எழுத வேண்டும். ஒரே வேலை மூன்று முறை. கொடுத்த பயிற்சி அரை நாள். கரண்ட் போய் அழிந்ததையெல்லாம் அவர் மாலை ஏழு மணி வரை இருந்து மறுபடி ஏற்றுவாராம்.

இதழ் அறையில் அவரைப் பார்த்தேன். அவரே முந்திக்கொண்டு, “பரவாயில்ல சார், நீங்களும் எவ்வளவு நேரந்தான் நிப்பீங்க?” என்றார். நான் ஏதோ மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. முப்பத்து மூன்று வருடம் மாணவர்களிடம் ‘மன்னிப்புக் கேள்’ என்று சொன்ன வாய்க்கு அன்றைக்கு அது வரவில்லை.

அவர் மூன்று முறை எழுதினார், கணக்கில் ஏறியது ஒன்று. அதை வைத்து அவரை மெதுவானவர் என்று தீர்ப்புச் சொன்னேன்.

ஒரு தாள்

வெள்ளிக்கிழமை காலையில் மாணவியைக் கூப்பிட்டேன். “உன் வேகத்தைப் பத்தி அப்புறம் பேசலாம். இன்னிக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை நீ செய்யற எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதிக்கிட்டே வா” என்றேன்.

மாலையில் படம் எடுத்து அனுப்பினாள். புதிய மென்பொருளில் பதிவு. அதே விவரம் கைப்பதிவேட்டில். அதே விவரம் மூன்றாம் முறையாக எக்செல்லில், தர மதிப்பீட்டுக் குழுவுக்குக் காட்ட. மின்னிதழ்களுக்கான கடவுச்சொல்லை மறந்த பேராசிரியர்கள் நான்கு பேர், அதில் ஒருவர் முந்தின இரவு பத்தரை மணிக்கு வாட்ஸப்பில். ஆய்வேடுகளில் நகல் எவ்வளவு என்று பார்த்து அறிக்கை. வைஃபை வேலை செய்யவில்லை என்ற புகார். கடைசி வரியில் சின்ன எழுத்தில், ‘முதலாமாண்டுப் பையன் ஒருவனுக்குப் புத்தகம் தேடிக் கொடுத்தேன், 20 நிமிடம்.’

மாலைக் கணக்கில் கேட்கப்பட்டது முதல் வரி மட்டும். அந்தக் கடைசி வரிக்காகத்தான் ரங்கநாதன் நூலகத்தையே நடத்தச் சொன்னார்!

கணினி வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். அட்டைப் பெட்டிகளின் தூசியில் இருமியவன் நான். ஊரடங்கில் நூலகம் பூட்டிக் கிடந்தபோது வீட்டிலிருந்தே மாணவர்கள் மின்னிதழ் படித்ததைப் பார்த்திருக்கிறேன். நியூசிலாந்தில் ஹொரோவெனுவா என்ற வட்டாரத்தின் பொதுநூலகம், 2000ஆம் ஆண்டுக் குழப்பத்தில் பழைய மென்பொருள் செயலிழக்கும் என்று பயந்து, புதியதை உருவாக்கச் சொன்னது. நூலகத்தாரும் நிரல் எழுதும் நிறுவனத்தாரும் சேர்ந்து உட்கார்ந்து உருவாக்கினார்கள். 2000 ஜனவரி 3 அன்று அது ஓடத் தொடங்கியது. உலகத்தில் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். மாவோரி மொழியில் ‘கோஹா’ என்று பெயர் வைத்தார்கள், பரிசு என்று பொருள். இன்று நம் கல்லூரிகள் பலவற்றில் ஓடுவது அதுதான். வேலை செய்பவரைக் கேட்டுச் செய்த கருவி கடல் கடந்தும் நிற்கிறது.

தாரஃப்தார் குழுவினரின் அடுத்த ஆய்விலும் இதுவே வந்தது. முறையான பயிற்சி, தடங்கல் வந்தால் கூப்பிட்டவுடன் உதவி, கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதே பணியாளரையும் சேர்த்துக்கொள்வது. இந்த மூன்றும் இருந்தால் அழுத்தம் குறைகிறது. மூன்றுமே நிர்வாகம் செய்ய வேண்டியவை. பணியாளர் யோகா வகுப்புக்குப் போய்த் தீர்த்துக்கொள்ள வேண்டியவை அல்ல.

திங்கட்கிழமை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு முதல்வரிடம் போனாள். அவர் இரண்டு முறை படித்தாராம். “எக்செல்லை இன்னிக்கே நிறுத்திடுங்கம்மா, சாஃப்ட்வேர்லயே அறிக்கை எடுக்கலாம். பதிவேட்டைப் பத்தி ஆடிட்டர்கிட்ட கேட்கிறேன்” என்றாராம். அவ்வளவுதான். கைப்பை ஓரத்தில் ராஜினாமா கடிதம் இன்னும் இருக்கிறது என்றாள். இருக்கட்டும். அவள் முடிவு அவளுடையது. ஆனால் ‘மூளை மழுங்கிடுச்சு’ என்ற சொல்லை இந்த முறை அவள் சொல்லவில்லை.

என் மாணவர்களில் மென்பொருள் எழுதுபவர்கள் இருக்கிறீர்கள். கட்டங்களை வடிவமைக்கும் முன் ஒரு நாள் அந்தக் கவுன்ட்டரில் உட்கார்ந்து பாருங்கள். தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள். புதியதை வாங்கும் நாளிலேயே பழையதை எந்தத் தேதியில் நிறுத்துவது என்றும் எழுதிவையுங்கள். மற்றவர்கள் வரிசையில் நிற்பவர்கள். கவுன்ட்டரில் இருப்பவர் தாமதித்தால், குரலை உயர்த்தும் முன் அவர் பக்கத்தில் இன்னொரு நோட்டு திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த உதவியாளர் ஓய்வு பெற்று, சொந்த ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அந்தக் கல்லூரியில் விசாரித்திருக்கிறேன், முகவரி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கிடைத்ததும் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். புகார்ப் புத்தகத்தில் எழுதியதை அழிக்க முடியாது. நேரில் சொல்ல வேண்டியதைச் சொல்லலாம்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்